பதினைந்து நாளும் ஐந்து ஆண்டும்

எல்லோருக்கும் வணக்கம். வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எதிரே பதினேழு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வேலையில்லாதவர்களுக்கு அரசு இன்னும் அதிகமாகக் கொடுக்க வேண்டுமா என்று பேசச் சொன்னார் வாசகர் வட்டச் செயலாளர். கடையில் பார்த்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு பெண் வந்தார். பி.எஸ்சி. கணிதம், வயது 24. வங்கித் தேர்வுக்கு விண்ணப்பம். போட்டோ, கையெழுத்து எல்லாம் ஏற்றி முடித்துப் பணம் கட்டும் பக்கத்துக்கு வந்தோம். 850 ரூபாய். திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். “அண்ணா, இதை இப்படியே சேவ் பண்ணி வைக்க முடியுமா? சனிக்கிழமை அப்பா கூலி வாங்கினதும் வர்றேன்” என்றார். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. நானே கட்டினேன். சனிக்கிழமை இருட்டுவதற்குள் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

வேலை தேடுவதற்கே காசு வேண்டும். பஸ் கட்டணம், போட்டோ, நகல், தேர்வுக் கட்டணம், வெளியூரில் ஒரு வேளைச் சாப்பாடு. இதற்கு நம் தமிழ்நாட்டில் வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை ஒன்று இருக்கிறது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பத்தாவது தேறியவருக்கு 300, தவறியவருக்கு 200. ஒரு மாதத் தொகை முழுவதையும் சேர்த்தாலும் அந்தப் பெண் ஒரே ஒரு வங்கித் தேர்வு எழுத முடியாது.

தொகை போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் அதைவிட முக்கியமாக நினைப்பது அது வரும் நேரத்தை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து ஆண்டு காத்திருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். 21 வயதில் பட்டம் வாங்கிப் பதிந்தவருக்கு முதல் 600 ரூபாய் 26 வயதில். அதுவும் மூன்று ஆண்டுக்குத்தான்; மொத்தம் 21,600. படிப்பு சூடாக இருக்கும் வயது, ஊர் ஊராகப் போய்த் தேர்வு எழுதத் தெம்புள்ள வயது அந்த ஐந்து ஆண்டுகள்தானே? அப்போது கையில் ஒன்றும் இல்லை. பெண் பிள்ளைகள் பலருக்கு அதற்குள் கல்யாணமே முடிந்துவிடுகிறது.

அப்புறம் வருமான வரம்பு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72,000, அதாவது மாதம் 6,000. அப்பாவுக்கு நாள் கூலி 300 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 20 நாள் வேலை கிடைத்தால் கணக்கு சரி. 21-ஆவது நாளும் வேலைக்குப் போனால் மகளுக்கு உதவித்தொகை இல்லை. என் கடையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, படிவத்தை மடித்து வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. பொறியியல், சட்டம் போன்ற தொழிற்படிப்புப் படித்தவர்களுக்குத் திட்டத்தில் இடமே கிடையாது. பொறியியல் முடித்தவர்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் இந்தக் காலத்தில் இந்த விதி எதற்கு?

கிராமப்புற வேலை உறுதிக்காக 2005-இல் வந்த சட்டம் வேறு மாதிரி யோசித்தது. வேலை கேட்டுப் பதினைந்து நாளுக்குள் கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்றது. முதல் முப்பது நாளுக்குக் கூலியில் கால் பங்காவது, அதற்குப் பிறகு பாதியாவது. நடைமுறையில் அந்தப் படி கைக்கு வந்தவர்கள் மிகக் குறைவு, அது பெரிய அநியாயம். ஆனாலும் பசிக்குப் பதினைந்து நாள்தான் தவணை என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பட்டதாரிக்கு மட்டும் எப்படி ஐந்து ஆண்டு ஆனது?

கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்கிறார்கள். என் சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். 2022-இல் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். அவர்களில் எத்தனையோ பேருக்கு நான் ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அம்மா கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டுத் தேர்வு மையத்துக்கு ஓடியவர்கள் அவர்கள். அவர்களைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இருந்த வேலை போனவர்கள் நிலை தனி. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவருக்கு, வேலை போனால் படி தர 2018-இல் ஒரு திட்டம் வந்தது. முதலில் சம்பளத்தில் கால் பங்கு, 2020-இல் கொரோனா நேரத்தில் அதைப் பாதியாக்கினார்கள்; 90 நாள் வரை கிடைக்கும். இது தெரியாமலே இருந்துவிடுகிறவர்கள் நிறைய. ஆனால் ஜவுளிக்கடையில் நிற்கிறவர், வீட்டு வேலை செய்கிறவர், சின்னப் பட்டறையில் இருக்கிறவர் பெரும்பாலும் இ.எஸ்.ஐ.யிலேயே இல்லை.

நம் அரசியல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, வேலையின்மையின்போது அரசின் உதவியைப் பெறும் உரிமையைச் சொல்கிறது. அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்றும் சொல்கிறது, அதை நான் மறைக்கவில்லை. அதனால் நாங்கள் எழுதியிருக்கும் மனுவில் முதல் கோரிக்கை சின்னது: ஐந்து ஆண்டை ஒரு ஆண்டாக்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு இப்போதே ஒரு ஆண்டுதான், ஆகவே அரசுக்குத் தெரியாத வழி இல்லை. இரண்டாவது, 72,000 என்ற வரம்பை இன்றைய கூலிக்கு ஏற்ப உயர்த்துங்கள். மூன்றாவது, மாதத் தொகை ஒரு தேர்வுக் கட்டணத்துக்காவது காணட்டும்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் யாராவது உதவித்தொகைக்கோ இ.எஸ்.ஐ. படிக்கோ விண்ணப்பிக்க வேண்டியிருந்தால் ஞாயிறு காலை கடைக்கு அனுப்புங்கள். படிவம் நிரப்பித் தருகிறேன், நகலுக்கும் காசு வேண்டாம்.