ஜீப்புக்கு டீசல் யார் போடுவது?

எல்லாருக்கும் வணக்கம். மேடையில் இருக்கிற பெரியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தால் எனக்குக் கொடுத்த நேரம் அதிலேயே போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மலைப்பகுதியில் மருத்துவ வேலை செய்கிற ஒரு சின்ன தொண்டு அமைப்பில் நான் சில வருடங்கள் இருந்தேன். யாரிடம் நிதி கேட்பது, எப்படி எழுதிக் கேட்பது, வந்த பணத்துக்கு எப்படிக் கணக்குக் காட்டுவது, இதுதான் என் வேலை. எங்களிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. பிரசவ வலி, பாம்புக்கடி, வயிற்றுப்போக்கில் துவண்டுபோன குழந்தை, எதுவானாலும் ராத்திரியில் அந்த ஜீப்தான் ஓடும். அதற்கு டீசலும் ஓட்டுநர் சம்பளமும் வேண்டும் என்று ஒரு கம்பெனியிடம் போய்க் கேட்டோம். மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் வண்டிச் செலவுக்குக் கொடுக்க எங்கள் பட்ஜெட்டில் தலைப்பே கிடையாது, ஸ்கேன் மெஷின் வேண்டுமானால் வாங்கித் தருகிறோம் என்றார்கள். நாங்களும் சரி என்றோம். கொடுக்கிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல அன்றைக்கு எங்களுக்குத் தைரியம் இல்லை.

மெஷின் வந்தது, ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். அப்புறம்தான் பிரச்சினை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டப்படி, ஸ்கேன் மெஷினை வைத்திருக்கும் இடம் பதிவு செய்திருக்க வேண்டும், தகுதியுள்ள மருத்துவர்தான் அதை இயக்க வேண்டும். நல்ல சட்டம், தேவையான சட்டம். ஆனால் அந்த மருத்துவரை மலைக்குக் கூட்டி வந்து சம்பளம் கொடுக்க எங்களிடம் பணம் எங்கே இருந்தது? மெஷின் உறைக்குள்ளேயே கிடந்தது. அந்த மழைக்காலத்தில் டீசலுக்குக் காசில்லாமல் ஜீப் பத்து நாள் நின்றுபோனது, அந்தப் பத்து நாளில் ஒரு ராத்திரி நான்கு பேர் போர்வையில் தூளி கட்டி ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள். அதற்காக நாங்கள் ஏதோ சாதித்துவிட்டோம் என்று ஆகிவிடாது.

அன்றிலிருந்து எனக்குள் ஒரே கேள்விதான். நிதி எதற்கு வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? தூக்கி வந்த அந்த நான்கு பேரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பார்கள்.

இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாராவது பதில் கண்டுபிடித்திருக்கிறார்களா என்று தேடியபோதுதான் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் இருக்கிற மௌண்ட் பாயு என்ற ஊரைப் பற்றிப் படித்தேன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1887இல் தாங்களே உருவாக்கிய ஊர் அது. 1960களில் சுற்றுவட்டாரம் முழுக்கப் பருத்திக்காட்டுக் கூலி வேலை. இயந்திரம் வந்ததும் அந்த வேலையும் போய், பட்டினி. அப்போது ஜனாதிபதி ஜான்சனின் அரசு வறுமை ஒழிப்புக்கென்று ஒரு தனி அலுவலகம் வைத்திருந்தது. ஜாக் கைகர் என்ற மருத்துவர் அங்கே போய், ஏழைகளுக்கான சுகாதார மையங்கள் தொடங்க 1965இல் நிதி வாங்கினார். மாணவராக இருந்தபோது தென்னாப்பிரிக்காவில் ஃபொலேலா என்ற கிராமத்துச் சுகாதார மையத்தில் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தவர் அவர்.

பணம் மிசிசிப்பிக்கு எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். இந்தத் திட்டத்தில் வரும் நிதியை மாநில ஆளுநர் தடுத்து நிறுத்தலாம் என்று சட்டத்தில் இருந்தது. பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தால் மட்டும் தடுக்க முடியாது. அதனால் எங்கோ வடக்கே பாஸ்டனில் இருக்கிற டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெயரில் நிதி வாங்கி, அங்கிருந்து மௌண்ட் பாயுவுக்குக் கொண்டுபோனார்கள். வேலையைச் செய்கிறவர் ஒருவர், பணத்தை வாங்கத் தகுதியுள்ளவர் இன்னொருவர் என்கிற சங்கடம் அன்றும் இருந்திருக்கிறது.

மையத்துக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு அடிப்படை நோயே பசிதான். மருத்துவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மருந்துச் சீட்டில் பாலும் காய்கறியும் இறைச்சியும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை உள்ளூர் மளிகைக்கடையில் கொடுத்தால் சாமான் கிடைக்கும், பில் சுகாதார மையத்தின் மருந்துக் கணக்குக்கு வரும். நிதி கொடுத்த அலுவலகம் பதறிப்போய், மருந்துக்குக் கொடுத்த பணத்தில் மளிகை வாங்கலாமா என்று கேட்டது. "நான் பார்த்த மருத்துவப் புத்தகத்தில் ஊட்டச்சத்துக் குறைவுக்கு மருந்து உணவுதான்" என்று கைகர் பதில் சொன்னார். அதோடு அவர்கள் நிற்கவில்லை. கிணறு தோண்டினார்கள், கழிப்பறை கட்டினார்கள், ஜான் ஹேட்ச் என்ற சமூகப் பணியாளர் ஊர் ஊராகப் போய் மக்களைக் கூட்டி, அந்த மக்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுப் பண்ணை ஒன்று உருவாகக் கூடவே நின்றார். சுகாதார நிதியில் பண்ணையா என்று இன்றைக்கும் ஒரு தணிக்கையாளர் கேட்பார். கேட்கட்டும், பதில் சொல்லலாம்.

அந்த வேர்தான் இப்போது அமெரிக்கா முழுக்கச் சுமார் 1,400 அமைப்புகளாக வளர்ந்து 3 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்க்கிறது. அவர்களுக்குப் போகும் அரசு மானியத்தில் உள்ள ஒரு நிபந்தனையை நான் ஒவ்வொரு மேடையிலும் சொல்கிறேன். மையத்தை நடத்தும் நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 சதவீதம் பேர் அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்கிற நோயாளிகளாக இருக்க வேண்டும். சட்டத்திலேயே இருக்கிறது. நிபந்தனை என்றாலே நமக்கு வயிற்றைக் கலக்கும், ஆனால் இப்படி ஒரு நிபந்தனை போட்டால் நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன்.

அது அமெரிக்கா, நம் ஊரில் நடக்குமா என்று கேட்பீர்கள். நீலகிரி கூடலூரில் நடந்திருக்கிறதே. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகியோர் சேர்ந்த ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் நிலத்துக்காகப் போராடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1990இல் அஷ்வினி என்ற அமைப்பு உருவாகி, கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. ஊர்ப் பெண்களையே செவிலியர் வேலைக்குப் பயிற்சி கொடுத்து எடுத்தார்கள். மொழி தெரியாத இடத்தில் அதட்டல் வாங்குவதற்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்கள், தன் ஊர்ப் பெண் வெள்ளைப் புடவையில் நின்றால் உள்ளே வருவார்கள். இதை எந்த மெஷினும் செய்யாது. 1992இல் சங்க உறுப்பினர்களுக்காக நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து காப்பீடும் தொடங்கினார்கள். ஆதிவாசிக் குடும்பங்கள் ஒரு சின்னத் தொகையைச் சந்தாவாகக் கட்டினார்கள், துண்டு விழுந்த பகுதியை வெளி நன்கொடை தாங்கியது. நன்கொடையை இப்படிப் பயன்படுத்தியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பணம் கட்டியவன் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது தலை நிமிர்ந்து நுழைவான்.

சரி, நம் நாட்டுச் சட்டம் இதற்கெல்லாம் இடம் கொடுக்கிறதா? கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். சிஎஸ்ஆர் என்று நாம் சொல்வது இதைத்தான். ஆனால் அதே பிரிவு, தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கவும் சொல்கிறது. தொழிற்சாலை இருக்கிற இடத்தில் ஓரளவு ரோடும் ஆஸ்பத்திரியும் ஏற்கெனவே இருக்கும். தொழிற்சாலையே இல்லாத மலைக்கு யார் வருவார்கள்? அப்புறம், மூன்று வருட அனுபவமும் வருமான வரிப் பதிவுகளும் இல்லாத புது அமைப்பு நேரடியாக அந்தப் பணத்தை வாங்க முடியாது.

வெளிநாட்டு நன்கொடையில் நிலைமை இன்னும் இறுக்கம். அந்த நன்கொடையை ஒழுங்குபடுத்துகிற எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தை 2020இல் திருத்தினார்கள். நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த வரம்பு 20 ஆனது. டாக்டர் சம்பளம் நிர்வாகச் செலவில் வராது, அது நல்லது. ஆனால் வாடகை, கணக்காளர், அறிக்கை எழுதுவது, நான் ஆரம்பத்தில் சொன்னேனே அந்த வண்டி ஓட்டும் செலவு, பராமரிப்பு, இவையெல்லாம் நிர்வாகக் கணக்கில்தான் வருகின்றன. நகரத்தில் வண்டி நிர்வாகத்துக்கு ஓடும். மலையில் வண்டிதான் ஆஸ்பத்திரியின் பாதி. இதை விதி எழுதியவர்கள் மலையில் ஒரு மழைக்காலம் இருந்து பார்த்து எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். இன்னொரு திருத்தம் அதைவிடக் கடுமை. ஒரு அமைப்பு தனக்கு வந்த வெளிநாட்டு நன்கொடையை, பதிவு உள்ள இன்னொரு அமைப்புக்குக்கூட மாற்றிக் கொடுக்கக் கூடாது. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்த பெரிய அமைப்பு வாங்கி, வேலை தெரிந்த சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கிற பழைய வழி அதோடு அடைபட்டது. பணம் தவறான கைக்குப் போகக் கூடாது என்ற அக்கறை எனக்கும் உண்டு, கணக்கு எழுதியவன் நான். தணிக்கையைக் கூட்டுங்கள், கதவை மூடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நிதி கொடுக்கிற நண்பர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள், உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒரு வருடத்துக்கு மட்டும் கொடுக்காதீர்கள். ஊர்ப்பெண் ஒருத்தியைச் சுகாதாரப் பணியாளராகப் பயிற்றுவித்து, ஊர் அவளை நம்ப ஆரம்பிக்கும்போது ப்ராஜெக்ட் முடிந்து அவளை வீட்டுக்கு அனுப்பினால், அடுத்து வருகிறவளை அந்த ஊர் நம்பாது. ஐந்து வருடமாவது கூட இருங்கள். இரண்டாவது, பார்வையிட வரும்போது எங்கள் ஆபீசில் உட்காராதீர்கள், நோயாளி வருகிற வழியில் நடந்து வாருங்கள்.

சின்ன அமைப்பு நடத்துகிறவர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அடுத்த ப்ரொபோசலில் ஓட்டுநர் சம்பளத்தையும் டீசலையும் "இதர செலவு" என்ற கடைசி வரியில் ஒளித்து வைக்காதீர்கள். முதல் வரியில் எழுதுங்கள். பக்கத்திலேயே ஒரு மாதத்து வண்டிக் குறிப்பேட்டை இணையுங்கள், எந்த ஊர், எத்தனை மணி, யாரை, எத்தனை கிலோமீட்டர் என்று. எங்கள் குறிப்பேட்டை இணைத்து அனுப்பிய பிறகுதான் எங்களுக்கு முதல்முறையாக ஒருவர் டீசலுக்குப் பணம் கொடுத்தார். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் சாயங்காலம் ஆறு மணி வரை நான் இங்கேதான் இருக்கிறேன், குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து எழுதலாம்.