ஈர்ப்பு குறைவெண்டா தப்புறது லேசா?

(வெள்ளவத்தையில உயர்தரப் பிள்ளையளுக்கும் பெற்றோருக்கும் பேசினது)

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளையள் முன்னுக்கு வந்து இருங்கோ.

இண்டைக்கு ஒரே ஒரு விசயத்தைப் பிடிச்சுக்கொண்டுதான் கதைக்கப்போறன். ஒரு கிரகத்தில ஈர்ப்பு கூட எண்டா அங்கயிருந்து தப்புறது கஷ்டம், குறைவெண்டா லேசு, இப்பிடித்தான் கனபேர் நினைக்கினம், ரியூசன்ல ஈர்ப்புக்கும் தப்புற வேகத்துக்கும் உள்ள ரெண்டு சமன்பாட்டையும் பாடமாக்கின பிள்ளையும் அப்பிடித்தான் நினைக்குது. அது பிழை. யுரேனஸ் ஒண்டே போதும் அதைக் காட்ட.

யுரேனஸின்ட திணிவு பூமியின்ட 14.5 மடங்கு, ஆரை 4 மடங்கு. ஈர்ப்பு ஆர்முடுகலுக்கு (விழுற பொருளின்ட வேகம் செக்கனுக்குச் செக்கன் கூடுற அளவு) திணிவை ஆரையின்ட வர்க்கத்தால பிரிக்கோணும், 14.5ஐ 16ஆல பிரிச்சா பூமியின்ட 0.9 மடங்கு வரும். அப்ப அவ்வளவு பெரிய கிரகத்தின்ட முகில் மட்டத்தில (திண்மத் தரை எண்டு அங்க ஒண்டும் இல்லை) இங்க 60 கிலோ காட்டுற தராசு 54தான் காட்டும்! ஆனா தப்பல் வேகத்துக்கு, அதாவது எறிஞ்ச பொருள் திரும்பி விழாமல் போறதுக்கு வேண்டிய வேகத்துக்கு, திணிவை ஆரையால ஒருக்காத்தான் பிரிக்கிறம், பிறகு வர்க்கமூலம். 14.5ஐ 4ஆல பிரிச்சு வர்க்கமூலம் எடுங்கோ, 1.9. பூமியில செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர், அங்க 21.3. நிறை குறைஞ்சு போச்சு, தப்புறதுக்கு வேண்டிய வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காப் போச்சு.

ஏன் இப்பிடி? எங்கட பழைய ஃபிளாட் மாடிப்படி சரியான செங்குத்து, மூச்சு வாங்கும், ஆனா நாலு மாடியோட முடிஞ்சிரும். சிவனொளிபாதமலையில கன இடத்தில படி அவ்வளவு செங்குத்தில்லை, ஆனா இரவிரவா ஏறோணும். காலடியில இருக்கிற சரிவுதான் ஈர்ப்பு ஆர்முடுகல், ஏறி முடிக்கவேண்டிய முழு உயரம்தான் தப்பல் வேகத்தைத் தீர்மானிக்குது. பெரிய கிரகத்தில ஈர்ப்பு மெல்ல மெல்லத்தான் குறையும், அதால ஏற்றம் நீளுது.

தப்பல் வேகத்தைப் பூமிக்கே செய்து பாப்பம். ஈர்ப்பு ஆர்முடுகல் 9.8ஐ ஆரை 6,371,000 மீற்றரால பெருக்கி, திரும்ப 2ஆல பெருக்கினா 12 கோடி 48 லட்சத்துச் சொச்சம், வர்க்கமூலம் 11,174, அதுதான் அந்த 11.2 கிலோமீற்றர். பாத்தீங்களோ, ஆரை உள்ளுக்க வந்து நிக்குது, 9.8 மட்டும் தெரிஞ்சா காணாது. புதனிலயும் செவ்வாயிலயும் ஈர்ப்பு ஆர்முடுகல் ரெண்டுமே 3.7தான், ஆனா செவ்வாய் பெரிசு, அதால தப்பல் வேகம் புதனில செக்கனுக்கு 4.25 கிலோமீற்றர், செவ்வாயில 5.0.

தரையில இருந்து இன்னொரு பூமி ஆரை உயரத்துக்குப் போனா ஈர்ப்பு கால்வாசியாக் குறைஞ்சிரும், ஆனா அங்கயிருந்து தப்பல் வேகம் 7.9, அதாவது பழைய வேகத்தின்ட 70 சதவீதம் இன்னும் இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரிக் குறையிறதே இல்லை.

இன்னொண்டு, அம்மாமார் அப்பாமாரும் கேளுங்கோ, ரொக்கெட் ஒண்டு பூமியை விட்டுப் போறதுக்குத் தரையிலயே 11.2ல பாயோணும் எண்டில்லை. அந்த எண் எஞ்சின் இல்லாமல் எறிஞ்சு விட்ட பொருளுக்கு, அதுவும் வளியின்ட தடையைக் கணக்கில எடுக்காமல். எஞ்சின் எரிஞ்சுகொண்டே இருந்தா மெதுவாவும் போகலாம், எரிபொருள்தான் கட்டுப்படியாகாது. எறியிற கல்லு சின்னதோ பெரிசோ, வேகம் ஒண்டுதான்.

கடைசியா சனியின்ட துணைக்கோள் டைட்டன், எனக்கு ஆகப் பிடிச்ச உதாரணம். சந்திரனில ஈர்ப்பு 1.62, டைட்டனில 1.35, அங்க நீங்க சந்திரனை விட லேசு. ஆனா டைட்டன் பெரிசு, அதால தப்பல் வேகம் சந்திரனில 2.4, டைட்டனில 2.6. அந்த லேசான உலகத்தில தரைமட்டத்தில எங்கட பூமியை விட ஒண்டரை மடங்கு வளியமுக்கம், பெரும்பாலும் நைதரசன். சந்திரனில வளியெண்டு சொல்ல ஒண்டும் இல்லை. இதுக்கு 2.6 மட்டும் காரணமில்லை, குளிர்தான் பெரிய காரணம், மறை 179 பாகை செல்சியஸ், அந்தக் குளிரில மூலக்கூறுகள் மெதுவாத்தான் ஓடும். ஆனா வளி நிக்குமோ போயிருமோ எண்டு கணக்குப் பாக்கேக்க மூலக்கூறின்ட வேகத்தைத் தப்பல் வேகத்தோடதான் ஒப்பிடோணும், 1.35ஓட இல்லை.

சரி, கேள்வி இருக்கிறாக்கள் கையை உயர்த்துங்கோ.