நக்கிள்ஸா, தும்பறையா?

சரி, அடுத்த கேள்வி. வெள்ளவத்தையிலிருந்து சாதாரண தரம் படிக்கிற ஒரு பிள்ளை அனுப்பியிருக்கிறா. “சேர், புத்தகத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடர் என்று இருக்கிறது, என்னுடைய சிங்கள நண்பி அதைத் தும்பர கந்துவெட்டிய என்கிறாள். ரெண்டும் ஒன்றா? நக்கிள்ஸ் என்றால் என்ன? தமிழில் விரல்மூட்டு மலை என்று எழுதலாமா?” மூன்று கேள்வியை ஒன்றாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர் மகள், பரவாயில்லை.

முதலில் அர்த்தம். இங்கே பாருங்கள், கையை இறுக்கிப் பொத்திக்கொண்டு கமராவுக்கு முன்னால் பிடிக்கிறேன். விரல் மடங்குகிற இடத்தில் வரிசையாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறதே, யாழ்ப்பாணத்தில் மொளி என்போம், அதுதான் ஆங்கிலத்தில் நக்கிள். கண்டிப் பக்கமிருந்து பார்க்கும்போது சிகரங்கள் இப்படிப் பொத்திய கைபோலத் தெரிந்ததால் வெள்ளைக்கார நில அளவையாளர்கள் வைத்த பெயர் அது. மலைமேல் ஏறி நின்றால் இந்த உருவம் தெரியாது, தூரத்தில் நிற்கிறவனின் கண்ணுக்குத்தான் தெரியும், ஆகவே பெயரும் தூரத்தில் நின்றவன் வைத்த பெயர்தான்.

உம்முடைய நண்பி சொல்கிற தும்பர, தமிழில் தும்பறை, அப்படியில்லை, அது அங்கே குடியிருந்தவர்களின் பெயர். கந்துவெட்டிய என்றால் சிங்களத்தில் மலைத்தொடர். கண்டி இராச்சியக் காலத்தில் தும்பறை என்பது ஒரு ‘ரட்ட’, அதாவது ஒரு நிர்வாகப் பகுதி. இன்றைக்கும் கண்டி மாவட்டத்தில் உடதும்பறை, பாததும்பறை என்று பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. சிங்களத்தில் உட என்றால் மேல், பாத என்றால் கீழ், உடப்புசல்லாவையில் வருகிற அதே உடதான். ‘தும்’ என்றால் சிங்களத்தில் புகை, வடமொழி தூமத்திலிருந்து வந்தது, நம்முடைய தூமகேதுவில் இருக்கிறதும் அந்தத் தூமம்தான். அதை வைத்துத்தான் புகைபோல மஞ்சு மூடிய மலை என்று தும்பறைக்கு விளக்கம் சொல்வார்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனவர்கள் இதை மறுக்கமாட்டார்கள், பக்கத்தில் நிற்கிற ஆளே தெரியாது.

ஆக, மலைத்தொடரைச் சொல்லும்போது ரெண்டும் ஒன்றுதான். ஆனால் தும்பறை என்றால் பள்ளத்தாக்கு, ஊர், சனம் எல்லாம் சேர்ந்து வரும். தும்பறைப் பாய் என்று நாரில் நெய்கிறார்களே, 2021ல் யுனெஸ்கோ பட்டியலில்கூடச் சேர்ந்தது, அதை யாரும் நக்கிள்ஸ் பாய் என்று சொல்வதில்லை. அந்த மலையில் மட்டுமே வாழ்கிற ஓணான் ஒன்றுக்கு 2006ல் விஞ்ஞானப் பெயர் வைத்தபோதும் கோஃபோட்டிஸ் தும்பர என்றுதான் வைத்தார்கள். மாறாக, 2010ல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியபோது இந்தக் காடு போனது நக்கிள்ஸ் என்ற பெயரில். காகிதத்தில் நக்கிள்ஸ், மண்ணில் தும்பறை. எனக்குத் தும்பறைதான் பிடிக்கும், தும்பறையில், தும்பறைக்கு என்று வேற்றுமை உருபும் சிரமமில்லாமல் ஒட்டும். நக்கிள்ஸோடு சிலர் படுகிற பாடு தெரியும்தானே, நக்கல்ஸ் என்று எழுதி மலையையே நக்கலடித்துவிடுகிறார்கள்.

விரல்மூட்டு மலையா? வேண்டாம் மகள். இடப்பெயரை மொழிபெயர்த்தால் கேட்கிறவனுக்கு எந்த மலை என்றே விளங்காது. பரீட்சையில் புத்தகத்தில் உள்ளபடி நக்கிள்ஸ் மலைத்தொடர் என்றே எழுதும், ‘தொடர்’ என்பதை மட்டும் விடவேண்டாம். ஏனென்றால் நக்கிள்ஸ் என்று தனியாக ஒரு சிகரமும் இருக்கிறது, 1,863 மீற்றர். தொடரின் அதி உயர்ந்த சிகரம் அதுவல்ல, 1,906 மீற்றர் உயரமான கொம்பானிய. பெயரைப் பார்த்துவிட்டு நக்கிள்ஸ் சிகரம்தான் உயரம் என்று எழுதுகிற பிள்ளைகள் நிறைய. இன்னொரு குழப்பம் கிரிகல்பொத்த. இந்தத் தொடரிலும் அந்தப் பெயரில் ஒரு சிகரம் உண்டு, ஹோட்டன் சமவெளியிலும் உண்டு. நாட்டின் இரண்டாவது உயரமான சிகரம் என்று கேட்டால் அது ஹோட்டன் சமவெளிக்காரர்.

அப்புறம், கொழும்பிலிருந்து சுற்றுலா போகிறவர்களுக்கும் இது உதவும். வேன்காரரிடம் “நக்கிள்ஸ் போகவேண்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் நித்திரை கொள்ளாதீர்கள். றிவர்ஸ்டன் பார்க்க என்றால் மாத்தளை போய் றத்தோட்டைப் பக்கத்தால் ஏறவேண்டும், மீமுரே கிராமம் என்றால் கண்டி போய் ஹுன்னஸ்கிரியவில் திரும்பவேண்டும். ரெண்டும் நக்கிள்ஸ்தான், ஆனால் மலையின் வேறு வேறு பக்கம். ஊர்ப் பெயரைச் சொல்லி ஏறுங்கள்.