‘ரன்’ என்னும் ஆங்கிலச் சொல்: பொருளும் வழக்கும்

அவையோருக்கு வணக்கம்.

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் குழந்தைக்கு முதல் வகுப்பிலேயே அறிமுகமாகும் சொற்களுள் ஒன்று ‘ரன்’. ‘ஓடு’ என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இச்சொல்லை ஆராய்ந்த பீட்டர் கில்லிவர் என்னும் அகராதியியலாளருக்கோ இந்த ஒரு சொல்லுக்கே ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் தேவைப்பட்டன. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள் தேறின. 1928இல் நிறைவுற்ற முதற்பதிப்பில் ‘செட்’ என்னும் சொல்லுக்குத்தான் மிக நீண்ட விளக்கம் இருந்தது. நீராவி இயந்திரம் முதல் கணினி நிரல் வரை மனிதன் படைத்த பொறிகள் இயங்குவதையெல்லாம் ஆங்கிலம் இந்த வினையாலேயே சொல்லப் பழகியது, ‘ரன்’ இவ்வளவு பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நம்முடைய ‘ஓடு’ என்னும் வினையும் எளியதன்று. கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, நாள்கள் ஓடிவிட்டன என்கிறோம். இங்கெல்லாம் இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன. இந்த ஒற்றுமையே மாணவரை ஏமாற்றவும் செய்கிறது. மூக்கு ஒழுகுவதற்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’தான், துணியின் சாயம் இறங்குவதற்கும் அதுவேதான். இவற்றை வெறும் உருவகம் என்று தள்ளிவிடக் கூடாது. ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் இதற்கு இனமான ‘ரின்னன்’ இன்றும் நீர் வழிந்தோடுவதையே குறிக்கிறது. நீரின் ஓட்டம் இச்சொல்லின் பழம்பொருளிலேயே அடங்கியிருக்கிறது.

என்னை மிகவும் கவர்வது நிர்வாகத்தைக் குறிக்கும் பொருள். கடையையோ பள்ளியையோ ஒருவர் பொறுப்பேற்று மேற்பார்ப்பதை ஆங்கிலம் ‘ரன்’ என்கிறது. தமிழ் ‘நடத்துகிறார்’ என்கிறது. அவர்கள் ஓடவைக்கும் நிறுவனத்தை நாம் நடக்கவைக்கிறோம். அப்படியிருக்க, ‘பள்ளியை ஓட்டுகிறார்’ என்று எழுதினால், ஏதோ சமாளித்துக் காலம் தள்ளுகிறார் என்ற குறைத்தொனி வந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பில் சொல் சரியாக இருந்தும் மதிப்புப் பிறழ்ந்துபோகும் இத்தகைய இடங்களை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து.

இடைச்சொற்கள் சேரும்போது பொருள் முற்றிலும் மாறுகிறது. ‘அவுட்’ சேர்ந்தால் இருப்புத் தீர்ந்துபோதல், ‘இன்டு’ சேர்ந்தால் எதிர்பாராமல் சந்தித்தல் அல்லது மோதுதல். ஆதலால் ‘பால் ரன் அவுட் ஆகிவிட்டது’ என்ற பொருள்படும் ஆங்கில வாக்கியத்தில் பால் எங்கும் ஓடவில்லை, தீர்ந்துவிட்டது, அவ்வளவே. கிரிக்கெட்டில் அதே இரு சொற்களும் ஓட்டமெடுக்கும் மட்டையாளர் விக்கெட் அருகேயுள்ள கோட்டை எட்டுமுன் ஆட்டமிழப்பதைச் சுட்டுகின்றன. வங்கியின்மேல் ‘ரன்’ என்றால், வைப்புத்தொகை போட்டவர்கள் நம்பிக்கையிழந்து ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பது. இப்பொருளை அறியாமல் பொருளாதாரச் செய்தியை மொழிபெயர்ப்பவர் வாசகரைத் தவறான இடத்துக்கே இட்டுச்செல்வார்.

தேர்தல் செய்திகளில் ஆங்கிலத்துக்குள்ளேயே வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் வேட்பாளர் பதவிக்கு ‘ஓடுகிறார்’. பிரிட்டனில் அதே வேட்பாளர் ‘நிற்கிறார்’. தமிழிலும் அவர் தேர்தலில் நிற்கிறார். எனவே அமெரிக்கச் செய்தியைத் தமிழாக்கும்போது ஓட்டத்தை மறந்து, ‘போட்டியிடுகிறார்’ என்றோ ‘நிற்கிறார்’ என்றோ எழுதுவதே முறை.