பெட்ரோல் செலவு மாசம் 1,400 ரூபா குறைஞ்சது எப்படி? தராசு மெக்கானிக்கோட நோட்டு | திருவொற்றியூர்

வணக்கம் மக்களே. மணி ஆறே முக்கால். வண்டிய சென்டர் ஸ்டாண்டு போட்டுட்டு, போனை சுவத்துல சாய்ச்சு வெச்சுட்டுப் பேசுறேன். திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால, எங்க வீட்டுக்குக் கீழ. லாரி சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

நம்ம சேனலுக்குப் புதுசா வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் எலக்ட்ரானிக் தராசு சர்வீஸ் பண்றவன். காசிமேடு மீன் கடை, தண்டையார்பேட்டை மார்க்கெட், மின்ட்டு, மணலி, எண்ணூர், அந்தாண்ட மீஞ்சூர் வரைக்கும் நம்ம கஸ்டமர்தான். ஸ்பிளெண்டர் வண்டி. வண்டி ஓடினாத்தான் வீட்டுல அடுப்பு எரியும். அதனால பெட்ரோல் விலை எனக்குச் செய்தி கிடையாது, அது என் கூலியிலேர்ந்து போற காசு.

இந்த நோட்டப் பாருங்க. பொண்ணோட பழைய கணக்கு நோட்டு, பின்பக்கத்துலேர்ந்து எழுதிட்டு வரேன். முதல் வரி 2022 ஏப்ரல். அன்னைக்கு நம்ம சென்னைல லிட்டர் 110 ரூபா 85 காசு. அந்த மே மாசம் ஒன்றிய அரசு கலால் வரியில 8 ரூபா குறைச்சப்ப 102.63 ஆச்சு. 2024 மார்ச்ல 100.75. அப்பால 2025 ஏப்ரல்ல உலகச் சந்தையில கச்சா எண்ணெய் நல்லா இறங்குச்சு. நாம எல்லாம் இன்னா நினைச்சோம், பங்க்குலயும் குறையும்னுதானே? கலால் வரிய 2 ரூபா ஏத்தினாங்க, பங்க் விலை அப்படியே நின்னுடுச்சு. இறங்கின காசு நம்ம டேங்குக்கு வரவே இல்ல. இது போக நம்ம மாநில வாட் வரி 13 சதவீதம், அதுக்கு மேல லிட்டருக்கு 11 ரூபா 52 காசு. 2021 ஆகஸ்ட்ல மாநில அரசு 3 ரூபா குறைச்சதை நான் மறக்கல, அந்த மாசம் எனக்கு நிஜமாவே மூச்சு விட முடிஞ்சுது. ஜிஎஸ்டி உள்ள பெட்ரோல் இன்னும் வரல.

விடியக்காலைல காத்து நிலத்துலேர்ந்து கடலுக்குப் போகும். அந்த நேரத்துல இங்க நின்னா மணலி வாசனை அப்படியே வரும். 1969-லேர்ந்து அங்க கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கிறாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆத்துல கலந்து, எண்ணூர் முகத்துவாரத்துல படகும் வலையும் கருப்பா ஆனதை நான் நேர்ல பார்த்தேன். அங்க மீன் விக்கிற அக்காங்க எல்லாம் என் கஸ்டமர்ங்க. அந்த மாசம் அவங்க தராசுக்கு வேலையே இல்ல. இந்த எண்ணெயோட பாரத்தை நம்ம ஊரு ரொம்ப நாளா சுமக்குது, அதைச் சொல்லாம என்னால பெட்ரோலைப் பத்திப் பேச முடியாது.

சரி, விஷயத்துக்கு வரேன்.

போன வருஷம் திடீர்னு என் வண்டி மைலேஜ் விழுந்துச்சு. 58, 60 குடுத்துட்டு இருந்த வண்டி 46-க்கு வந்துடுச்சு. எனக்கு உடனே பங்க் மேலதான் சந்தேகம். எப்பவும் போடுற இடம், பேர் சொல்ல மாட்டேன், ஏன்னு கேட்டா புரிஞ்சுக்குவீங்க. நான் அளவுத் தொழில்ல இருக்கிறவன். எனக்கே அளவு குறைச்சுப் போடுறாங்கன்னு நினைச்சப்ப ராத்திரி தூக்கம் வரல.

மறுநாள் போயி, "அண்ணே, அஞ்சு லிட்டர் அளவைக் கொண்டாங்க"ன்னு கேட்டேன். மக்களே, இது நம்ம உரிமை. எந்த பங்க்கா இருந்தாலும் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுக் கேன் வெச்சிருக்கணும், நாம கேட்டா அளந்து காட்டணும். அவங்க முகம் சுளிக்கல, எடுத்துட்டு வந்தாங்க. கூம்பு மாதிரி இருக்கும், மேல கழுத்து, அந்தக் கழுத்துல கோடு கோடா அளவு. நான் முதல்ல பார்த்தது ஈய முத்திரையத்தான். அதுல வருஷமும், எந்த காலாண்டுல சோதிச்சாங்கங்கிற எழுத்தும் குத்தியிருக்கும். ஏ, பி, சி, டின்னு நாலு எழுத்து. நம்ம கடைத் தராசுக்கு எப்படி வருஷா வருஷம் முத்திரை வைக்கணுமோ, பங்க் மிஷினுக்கும் அப்படித்தான். இங்க தொழிலாளர் துறை ஆளுங்கதான் வந்து சோதிப்பாங்க. முத்திரை அந்த வருஷத்துதுதான், சரியா இருந்துச்சு.

காஞ்ச கேன்ல நேரா அளக்கக் கூடாது. ஒரு தடவை ரொப்பி, கவுத்து, சொட்டு வடியவிட்டு அப்பால அளக்கணும். இல்லன்னா கேன் சுவத்துல ஒட்டுற பெட்ரோல் கணக்குல குறையும். அந்த அண்ணனுக்கும் அது தெரிஞ்சிருந்துச்சு. மிஷின்ல ஜீரோ பார்த்து அஞ்சு லிட்டர் விட்டாரு. நான் குனிஞ்சு, கண்ணைக் கோட்டுக்கு நேரா வெச்சுப் பார்த்தேன். பத்து மில்லி குறைவு. 5 லிட்டருக்கு 25 மில்லி வரைக்கும் முன்னப் பின்ன இருக்கச் சட்டத்துலயே இடம் உண்டு. அப்படின்னா அந்த மிஷின் சரியான மிஷின். அந்த அண்ணன்கிட்ட, "தப்பா நினைச்சுட்டேன்ணே"ன்னு சொல்லிட்டு வந்தேன். அவரு, "நீ கேட்டதே நல்லது தம்பி, யாரும் கேக்கிறதே இல்ல"ன்னாரு.

இதைக் கேட்டுட்டு எல்லா பங்க்கும் சரியா இருக்கும்னு எடுத்துக்காதீங்க. ஜீரோவைப் பாருங்க, சந்தேகம் வந்தா கேனைக் கேளுங்க. ஆனா 100-க்குப் போடாம 110-க்குப் போட்டா அதிகமா வரும்னு சுத்துற பேச்சை விட்டுடுங்க. மிஷின் அளக்கிறது லிட்டரை. ரூபாய் அதுல பெருக்கி வர்றது, அவ்வளவுதான்.

அப்போ பெட்ரோல் எங்கதான் போச்சு?

இதோ காட்டுறேன், கிட்ட வாங்க. வண்டி சென்டர் ஸ்டாண்டுல இருக்கு, நியூட்ரல். பின் சக்கரத்தை கையால இப்படித் தள்ளிவிடுறேன். பாருங்க... ஒண்ணு... ரெண்டு... மூணு, இப்பத்தான் நிக்குது. அன்னைக்கு நான் தள்ளினப்ப முக்கால் சுத்துல, சர்ருனு உரசி நின்னுடுச்சு. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து டிரம் பக்கம் கைய வெச்சேன், தொட முடியாத சூடு. பிரேக் விடவே இல்ல. நான் ஆக்சிலேட்டர் முறுக்க முறுக்க பிரேக் அதைப் பிடிச்சு இழுத்துட்டு இருந்திருக்கு. மாசக் கணக்கா.

தண்டையார்பேட்டைல நம்ம மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழட்டினாரு. பிரேக் ஷூவை விரிக்கிற கேம் இருக்கு பாருங்க, அது துருப்பிடிச்சு இறுகிக் கிடந்துச்சு. கடலோரத்துல இருக்கிற நமக்கு இது பெரிய தொல்லை. உப்புக் காத்து ஒரு பக்கம், மழைன்னா தெருவுல முழங்கால் தண்ணி. அதுல வண்டி இறங்கி ஏறினா கேம்ல கிரீஸ் நிக்காது. எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு, கிரீஸ் வெச்சு, ஸ்பிரிங் மாத்தினாரு. 150 ரூபா. டயர்ல காத்து பார்த்தா பின்னால 18-தான் இருந்துச்சு. என் வண்டிக்கு எவ்வளவுன்னு செயின் கவர் மேல ஸ்டிக்கர்லயே போட்டிருக்கு, அதைப் படிச்சு வெச்சேன். அடுத்த ரெண்டு டேங்க்ல மைலேஜ் 57-க்கு ஏறிடுச்சு.

மைலேஜ் பார்க்கிறதுக்கு மீட்டர், ஆப் எதுவும் வேணாம். ஃபுல் டேங்க் அடிங்க, கிலோமீட்டரைக் குறிச்சுக்கோங்க. அடுத்த தடவையும் ஃபுல் டேங்க் அடிச்சு, ஓடின கிலோமீட்டரை அந்தத் தடவை போட்ட லிட்டரால வகுங்க. 100 ரூபாய்க்கு, 150 ரூபாய்க்குன்னு போட்டுட்டே இருந்தா கடைசி வரைக்கும் தெரியாது. மாசத்துல ரெண்டு தடவையாவது ஃபுல் அடிக்கக் காசு ஒதுக்குங்க, அது கஷ்டம்னு எனக்கும் தெரியும்.

இன்னொரு கேள்வி நிறைய பேருக்கு இருக்கு, எத்தனால் கலந்த பெட்ரோலால மைலேஜ் குறையுதான்னு. குறையத்தான் செய்யும். எத்தனால்ல பெட்ரோலை விட வெப்பம் மூணுல ஒரு பங்கு கம்மி. பழைய டூ வீலர்ல 20 சதவீதம் கலந்தா 3, 4 சதவீதம் மைலேஜ் குறையும்னு நிதி ஆயோக் 2021-ல போட்ட அறிக்கையிலயே இருக்கு. அப்படின்னா 60 குடுத்த வண்டி 58 குடுக்கலாம், 46-க்கு வராது. 46-க்கு வந்தா வண்டியிலதான் ஏதோ இருக்கு. எத்தனால் தண்ணியை இழுக்கும், அதனால மழைக்காலத்துல டேங்கைக் காலியா வெச்சு நிறுத்தாதீங்க.

ஒரு நிமிஷம், கண்டெய்னர் போகுது.

ம். இந்தக் கண்டெய்னர்தான் அடுத்த கதை. ஹார்பருக்குப் போற வண்டிங்க எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல வரிசை கட்டிச்சுன்னா, அதுக்கு நடுவுல ஃபர்ஸ்ட் கியரும் அரை கிளட்ச்சுமா நான் ஊர்ந்திருக்கேன். நோட்டுல அந்த நாள் எல்லாம் தனியாத் தெரியுது, அதே தூரத்துக்கு ரெண்டு பங்கு நேரம், பெட்ரோலும் கூட. இப்போ சிக்னல்ல, ரயில்வே கேட்டுல நின்னா இன்ஜினை ஆஃப் பண்ணிடுறேன். ஆனா மேம்பாலத்துல இறங்கும்போது ஆஃப் பண்ணிட்டு உருட்டிட்டு வராங்க பாருங்க, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. பின்னால லாரி வந்தா உங்களால விலகக்கூட முடியாது. செலவு குறையும்னு பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலக்கிறதும் வேணாம்.

எனக்குப் பெரிய மிச்சம் எதுல வந்துச்சுன்னா, கிலோமீட்டர்ல. முன்னாடி யாரு போன் பண்ணாலும் கிளம்பிடுவேன். காலைல காசிமேடு, அங்கேர்ந்து மணலி, திரும்ப ராயபுரம், சாயங்காலம் எண்ணூர். ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர். நோட்டைப் பார்த்தப்பதான் ஒரே வாரத்துல மணலிக்கு நாலு தடவை போனது தெரிஞ்சுது. இப்போ நாள் பிரிச்சுட்டேன். திங்கள் மணலி, மாதவரம். செவ்வாய் மின்ட்டு, பாரிஸ் கார்னர். புதன் காசிமேடு, ராயபுரம். வியாழன் எண்ணூர். மீஞ்சூருக்கு வண்டியே எடுக்கிறதில்ல, கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஏறிடுறேன். ஸ்டேஷன்லேர்ந்து கடைங்க நடக்கிற தூரம்தான். முன்னாடி 30 கிலோ எடைக்கல்லை எந்நேரமும் வண்டியிலயே கட்டிட்டு சுத்துவேன், இப்போ அன்னைய வேலைக்கு வேணும்கிறதை மட்டும்தான் எடுக்கிறேன். வீட்டுக்காரம்மாவை பாரிஸ்ல வேலைக்குக் கொண்டுபோய் விடுறதையும் நிறுத்திட்டோம். அவங்களே சொன்னாங்க, பிங்க் பஸ்ல டிக்கெட் கிடையாது, நீ எதுக்கு எனக்காக பெட்ரோல் போடுறேன்னு. 2021 மே மாசத்துலேர்ந்து சாதா கட்டண பஸ்ல பொம்பளைங்களுக்கு இலவசம். எங்க மாதிரி குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு நோட்டு வெச்சிருக்கிறவனுக்குத் தெரியும்.

கணக்கு இதான். லிட்டர் 101-னு வெச்சுக்கோங்க. முன்னாடி 26 நாள் வேலை, 60 கிலோமீட்டர், 46 மைலேஜ், மாசம் 3,425 ரூபா. இப்போ தினம் 44 கிலோமீட்டர், 57 மைலேஜ், 2,030 ரூபா கிட்ட. பிரேக்கும் காத்தும் சரி பண்ணதுல 660 ரூபா. சுத்தாம இருந்ததுல 740.

எலக்ட்ரிக் வண்டி வாங்கலாமேன்னு என் மச்சான் சொல்றாரு. ஆசைதான். நாங்க மூணாவது மாடி, கீழ எங்களுக்குன்னு ஒரு பிளக் பாயிண்ட் கிடையாது. அது வந்தா கண்டிப்பா யோசிப்பேன்.

போன் அடிக்குது, இருங்க, கஸ்டமர். ஸ்பீக்கர்ல போடுறேன்.

சொல்லுக்கா... காசிமேட்டுலேர்ந்தா? ஜீரோ வரலையா, எவ்வளவு காட்டுது?... 35 கிராமா. சரி பதறாத. தட்டை மேல தூக்கி எடு. எடுத்துட்டியா? கீழ நாலு ஓரத்துலயும் விரல் விட்டுப் பாரு, செதில், ஐஸ் ஏதாச்சும் மாட்டியிருக்கும்... இருக்கா? அதை எடுத்துப் போட்டுட்டு, துணியால துடைச்சு, தட்டை வெச்சு, சுவிட்சை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுக்கா... இப்ப எவ்வளவு?... ஜீரோவா. அப்ப ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கு. இன்னைக்கு நான் அந்தப் பக்கம் வரலக்கா, புதன்கிழமை வந்து எடைக்கல் வெச்சுப் பார்க்கிறேன். வியாபாரத்தைப் பாரு.