அடக்க விலையை யார் சொல்வது?

(இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பகுதி நடுநிலைப்பள்ளி ஒன்றில், மாணவர் தொழில்முனைவுப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே, மூன்று வாரமாக இந்தத் தெருக்களில் கடை போட்டுக் கலக்கிய ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பரிசு யாருக்கு என்று சொல்வதற்கு முன்னால், எதைப் பார்த்துப் பரிசு கொடுத்தோம் என்று சொல்லிவிடுகிறேன். அதிகமாக விற்ற குழுவுக்கு முதல் பரிசு இல்லை. அந்தக் குழுவில் உள்ளவர்களுக்கு முகம் வாடும் என்று தெரியும். ஆனாலும் காரணத்தைக் கேளுங்கள்.

போட்டியின் விதி பெற்றோர் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஐந்து பேர் ஒரு குழு. குழுவுக்கு 500 ரூபாய். அது நன்கொடை இல்லை, கடன். வட்டி கிடையாது, ஆனால் மூன்றாவது வார முடிவில் அசலைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சனி, ஞாயிறு மட்டும்தான் வியாபாரம், கூடவே ஓர் ஆசிரியர். குழுவுக்கு ஒரு நோட்டு. வந்த காசு, போன காசு எல்லாம் அன்றன்றைக்கே அதில் ஏற வேண்டும். மதிப்பெண்ணில் பாதி அந்த நோட்டுக்கு. பாதி வேண்டும் என்று வற்புறுத்தியவன் நான்தான்.

பனங்கிழங்குக் குழுவின் நோட்டு என் கையில் இருக்கிறது. முதல் பக்கத்தைப் படிக்கிறேன். கிழங்கு 10 கட்டு, கட்டு 50 ரூபாய், ஆக 500. ஒரு கட்டுக்கு 25 கிழங்கு. அவித்ததில் பத்துக் கிழங்கு உடைந்து வீணாகிவிட்டது. மீதி 240. மூன்று பத்து ரூபாய் என்று விற்று 800 ரூபாய் வந்திருக்கிறது. கீழே "லாபம் 300" என்று பெரிதாக எழுதி, இரண்டு கோடும் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அதே பக்கத்தில் இரண்டு வரி கூடியிருக்கிறது. மஞ்சள்தூள், உப்பு 20. ஷேர் ஆட்டோ 60. முந்நூறை அடித்துவிட்டு 220 என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கும் கீழே, வேறு மையில், வேறு கையெழுத்தில் ஒரு வரி: "அம்மா அவித்தது, 3 மணி நேரம்." அதற்கு எதிரே ரூபாய்க் கட்டம் காலியாக இருந்தது.

இது என்ன என்று கேட்டேன். எங்கள் முன்னாலேயே சண்டை வந்துவிட்டது. "அம்மா கூலி கேக்கலையே சார்" என்றான் ஒரு பையன். அந்த வரியை எழுதிய பெண் விடவில்லை. "கேக்கலைன்னா கணக்கு இல்லையா? அம்மா அன்னைக்கு நண்டு உடைக்கப் போயிருந்தா காசு வந்திருக்கும்ல?" என்றாள். மணிக்கு எவ்வளவு வரும் என்றேன். நாற்பது என்றாள். மூன்று மணிக்கு 120. இருநூற்று இருபதில் அதைக் கழித்தால் மிச்சம் 100. ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 20 ரூபாய்.

அந்தக் காலிக் கட்டத்தில் 120 என்று அந்தப் பிள்ளைகளே எழுதினார்கள். முதல் பரிசு அந்தக் குழுவுக்கு. இப்போது கை தட்டலாம்.

எதற்காக என்று சொல்கிறேன். ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் லாபம், நட்டம் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் தனிவட்டி வருகிறது, எட்டாம் வகுப்பில் கூட்டுவட்டி. நல்ல பாடங்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்குகளில் "ஒரு பொருளின் அடக்க விலை இவ்வளவு" என்று முதல் வரியிலேயே கொடுத்துவிடுவார்கள். பிள்ளை கழித்தால் போதும். வாழ்க்கையில் அடக்க விலையை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. ஆட்டோ காசு ஒளிந்திருக்கும், உடைந்துபோன கிழங்கு ஒளிந்திருக்கும், அம்மாவின் மூன்று மணி நேரம் ஒளிந்திருக்கும். இந்தப் போட்டி பிள்ளைகளைத் தேட வைத்தது. போட்டியின் பலன் என்று நான் நினைப்பது அதைத்தான்.

அந்தக் குழு அதோடு நிற்கவும் இல்லை. ஆளுக்கு இருபதுதான் என்று தெரிந்ததும், அடுத்த வாரம் கிழங்கை நார் உரித்து, துண்டு போட்டு, உப்பும் முண்டு மிளகாய்த்தூளும் தூவி, பொட்டலமாக்கிப் பேருந்து நிறுத்தத்தில் விற்றார்கள். நம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அதை ஒரு சிட்டிகை போட்டால் கிழங்கு என்ன விலைக்குப் போகும் என்று இந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வியாபாரம் நம் கரைக்குப் புதிதில்லை. வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானியக் காசுகளும் மட்பாண்டங்களும் கிடைத்தன. கீழக்கரை முத்துக்கும் சங்குக்கும் பேர்போன ஊர். அப்துல் கலாம் ஐயா இங்கே பக்கத்தில் இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய எட்டு வயது. புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. பொறுக்கிக்கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் ஒரு நாளைக்கு ஓரணா கிடைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். போர்க்காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடுகிற ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளை எடுத்துக்கொடுத்துத் தன் முதல் சம்பளத்தை வாங்கியிருக்கிறார். அவர் விஞ்ஞானியானதையும் குடியரசுத் தலைவரானதையும் எல்லா மேடையிலும் சொல்கிறோம். அந்த ஓரணாவையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இங்கே உட்கார்ந்திருக்கும் ஏழாம் வகுப்புப் பையனுக்கு மீன் ஏலம் தெரியும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு பிரிப்பார்கள் என்று தெரியும். முன்பணம் கொடுத்த வியாபாரிக்குத்தான் மீனைப் போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை என்பதும் வீட்டுப் பேச்சில் காதில் விழுந்திருக்கும். கேள்வியறிவு நிறைய இருக்கிறது. எழுத்தில்தான் ஒன்றும் இல்லை.

எழுதாததன் விலை என்ன என்று பார்த்தவன் நான். இந்த மாவட்டத்து வங்கிக் கிளைகளில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். நகைக்கடன் மேசையில் உட்கார்ந்திருந்தவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஒவ்வொரு ஆண்டும் அதே தேதியில் வருகிறது. திடீர் என்று வருவதில்லை. அரசு கொடுக்கும் நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகியிருக்கிறது, நல்ல விஷயம். ஆனாலும் ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்கு அது காணாது. அதனால் ஏப்ரல் பிறந்தால் என் மேசை முன்னால் வரிசை நீண்டுவிடும். தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போன பெண்களை எனக்குத் தெரியும். மீன்பாடு நன்றாக இருந்த மாசி, பங்குனியில் கைக்கு வந்த பணம் எங்கே போனது என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியாது. ஊதாரித்தனம் ஒன்றும் இல்லை. எழுதி வைக்கும் பழக்கத்தை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

தேசிய நிதிக்கல்வி மையம் 2019-இல் எடுத்த கணக்கெடுப்பில், நம் நாட்டில் பெரியவர்களிலேயே 27 சதவீதம் பேருக்குத்தான் போதுமான நிதியறிவு இருந்தது. நம் ஊர் தனியாகப் பின்தங்கிவிடவில்லை.

சரி, வட்டிக்கு வருகிறேன். தாய்மார்கள் கொஞ்சம் கவனியுங்கள். நூற்றுக்கு ஐந்து வட்டி என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அது மாத வட்டி. பத்தாயிரம் வாங்கினால் மாதம் 500, வருடத்துக்கு 6,000. வட்டி மட்டும் ஆறாயிரம், அசல் அப்படியே இருக்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டத்தைக் காட்டிக் கேட்பதற்கும், நாம் கட்டுவது வருடத்துக்கு 60 சதவீதம் என்று முதலில் தெரிய வேண்டுமே?

குழுக் கடனில் வேறு மாதிரி. பத்தாயிரம் கொடுத்து, வாரம் 230 வீதம் 50 வாரம் கட்டச் சொன்னால் மொத்தம் 11,500. பதினைந்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. வருடம் முழுக்கப் பத்தாயிரமும் உங்கள் கையில் இல்லை. சராசரியாகப் பார்த்தால் பாதிதான் இருந்திருக்கிறது. அப்படியானால் உண்மையான வட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதே வகுப்பிலேயே புரிந்துகொண்டார்கள். சதவீதம் தெரிந்தால் போதும், இது புரியும்.

இரண்டாம் பரிசு நெத்திலிக் குழுவுக்கு. அவர்களுக்கு நட்டம்! நாலு கிலோ பச்சை நெத்திலி, கிலோ 120 ரூபாய், ஆக 480. உப்பு 15. கழுவி, உப்புப் போட்டு, வலையில் பரப்பிக் காயவைத்திருக்கிறார்கள். காய்ந்தபின் தராசில் வைத்தால் ஒரு கிலோவும் கொஞ்சமும்தான். விற்று வந்தது 310. நட்டம் 185. நோட்டில் காரணம் என்று தலைப்பிட்டு ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்: "ஈரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டோம்." கருவாட்டு வியாபாரத்தின் மொத்தச் சூட்சுமமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அதைவிட முக்கியம், கடன் கெடு முடிவதற்கு ஒரு வாரம் முன்பே ஆசிரியரிடம் போய், "கையில் 315 தான் இருக்கிறது டீச்சர், மீதி 185-ஐ ஆளுக்கு 37 ரூபாய் வீதம் பொங்கல் காசிலிருந்து தருகிறோம்" என்று சொன்னார்கள். தவணை தவறுவதற்கு முன்னால் வந்து பேசுகிறவர்களை வங்கியில் நாங்கள் எவ்வளவு மதிப்போம் தெரியுமா? பயந்துகொண்டு வராமல் இருப்பவர்களுக்குத்தான் அபராத வட்டியும் ஏல நோட்டீசும். நட்டப்பட்ட பிள்ளையை வீட்டில் திட்டாதீர்கள். 185 ரூபாயில் கற்றுக்கொண்டதைப் பெரியவனாகி ஒன்றே முக்கால் லட்சத்தில் கற்றுக்கொள்ள வேண்டியிருக்காது.

அதிகமாக விற்றது சர்பத் குழு. நன்னாரி சர்பத் நன்றாகவே இருந்தது, நானும் இரண்டு கிளாஸ் குடித்தேன். ஆனால் பாதிக் காசு குழுவில் உள்ள ஒரு பிள்ளையின் அப்பாவுடைய ஜிபேயில் விழுந்தது. அப்பா அந்தக் காசையும் சேர்த்துப் படகுக்கு டீசல் போட்டுவிட்டார். அதிகம் விற்றது தெரிகிறது, ஆனால் சரியாக எவ்வளவு விற்றது, எவ்வளவு மிஞ்சியது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அப்பாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒரே இடத்தில் கிடந்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும். அடுத்த முறை ஜிபே வந்தால், அன்று மாலையே அந்தத் தொகையை ரொக்கமாக வாங்கிக் குழுப் பையில் போட்டுவிட வேண்டும். அதை விதியாகவே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு விதியும் உண்டு. சிப்பி, பவளம் விற்கிறோம் என்று ஒரு குழு பெயர் கொடுத்தது. ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள், சரியாகச் செய்தார்கள். நம் முன்னால் இருப்பது மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 21 தீவுகள். பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. விற்பதற்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டது என்பதாலேயே அதை விற்றுவிட முடியாது. இதையும் பன்னிரண்டு வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

படிக்கிற வயதில் பிள்ளைக்கு எதற்குக் காசு ஆசை என்று ஒரு தகப்பனார் என்னிடம் வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2021-இல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு முதல் கொடுத்துத் தொழில் தொடங்க வைத்தார்கள். நம் கரையில் அதுவரை காத்திருக்க முடியாது. எட்டாம் வகுப்பு முடிந்ததும் படகில் ஏறிவிடும் பையன்கள் இன்னும் இருக்கிறார்கள். அவன் ஏறுவதற்கு முன் ஒரு நோட்டு எழுதியிருக்க வேண்டும். இருபது ரூபாய் சம்பாதிக்க ஐந்து பேர் எவ்வளவு பாடுபட வேண்டும் என்று பார்த்த பிள்ளைக்குக் காசு ஆசை வராது. அப்பாவின் உழைப்பு என்ன என்பது புரியும். பள்ளியை விட்டுவிடத் தோன்றவும் தோன்றாது.

கடைசியாகப் பரிசுத்தொகை பற்றி. இதை ரொக்கமாகக் கையில் கொடுக்கப்போவதில்லை. பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்குத் தொடங்கி, தாங்களே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. எவ்வளவு தொகை வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். அஞ்சலகத்திலும் பத்து வயதுக்கு மேல் பிள்ளை பெயரிலேயே கணக்குத் தொடங்கலாம். அங்கே குறைந்தது 500 ரூபாய் வேண்டும். வெற்றி பெற்ற பிள்ளைகளின் பெற்றோர் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆதார் அட்டையும் இரண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வாருங்கள். நானும் கூட வருகிறேன். படிவத்தைப் பிள்ளையே நிரப்பட்டும், பெற்றோர் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். கணக்குப் புத்தகம் வந்ததும் பிள்ளையிடமே இருக்கட்டும். அதிலிருந்து அவசரத்துக்கு நீங்கள் எடுக்க நேர்ந்தால், பிள்ளையிடம் கேட்டு, நோட்டில் கடன் என்று எழுதி எடுங்கள்.

பனங்கிழங்குக் குழு முதலில் மேடைக்கு வரட்டும். அவித்துக் கொடுத்த அம்மாவும் கூட வரவேண்டும். எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.