திங்கட்கிழமை வராத பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி திங்கட்கிழமையானால் பள்ளிக்கு வரமாட்டாள். மற்ற நாட்களில் வந்தாலும் நோட்டைத் திறந்து வைத்தபடி சும்மா உட்கார்ந்திருப்பாள். "சரியான சோம்பேறி, நீங்களே பேசிப் பாருங்கள்" என்று ஆலோசகரான என்னிடம் அனுப்பினார்கள். மூன்றாவது தடவை பேசும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

திங்கட்கிழமை அவள் வீட்டுக்குக் குழுக்கடன் தவணை வாங்க ஆள் வருகிற நாள். கையில் பணமில்லாத வாரம் அம்மா கொல்லைப்பக்கம் போய்விடுவார். வாசலில் நின்று "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்வது இவள் பொறுப்பு. ஒருவர் கட்டாவிட்டால் குழுவே சேர்ந்து கட்டவேண்டும் என்பதால் தெருப் பெண்களும் வந்து நிற்பார்கள். நேற்றுவரை "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்ட அத்தைமார்கள்தான். அப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. அது சோம்பல் இல்லை, மனச்சோர்வு.

வருமானம் கூடினால் சரியாகிவிடுமா? அமெரிக்காவின் வட கரோலினாவில் 1993இல் தொடங்கி 1,420 பிள்ளைகளை வருஷக்கணக்கில் கவனித்து வந்தார்கள். இடையில் அங்குள்ள செரோக்கி பழங்குடியினர் சூதாட்ட விடுதி ஒன்றைத் திறந்தார்கள். லாபத்தில் அம்மக்கள் ஒவ்வொருவருக்கும் பங்கு கிடைத்தது. ஜேன் காஸ்டெல்லோவும் குழுவினரும் 2003இல் வெளியிட்ட முடிவின்படி, வறுமையிலிருந்து மீண்ட வீடுகளில் பிள்ளைகளின் முரட்டுத்தனம் நன்றாகவே குறைந்தது. பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததே பெரிய காரணம். ஆனால் மனச்சோர்வும் பதற்றமும் விடுதி திறந்த பிறகு வந்த நாலு வருஷத்தில் அசையவில்லை.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பணம் கட்டாயம் வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய்கூட ஒரு வீட்டின் மூச்சை எவ்வளவு இலகுவாக்குகிறது என்று பார்த்திருக்கிறேன். ஆனால் வாசலில் தனியாக நின்று குறுகிப்போன பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க ஓர் ஆளும் வேண்டும்.

இவளுக்கு அந்த ஆள் பெரியம்மா. பக்கத்து ஊர்தான். நானும் வகுப்பு ஆசிரியையும் போய்ப் பேசினோம். "இவ்வளவு நடந்திருக்கு, யாருமே சொல்லலையே" என்று அழுதுவிட்டார். இப்போது ஞாயிறு மாலையே வந்துவிடுகிறார். திங்கள் காலை வாசலில் அவர்தான் நிற்கிறார்.

அப்படி ஓர் உறவு இல்லாத வீடுகளும் உண்டு. அவர்கள் 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கடன் இன்னும் முடியவில்லை. ஆனால் போன திங்கட்கிழமை முதல் மணி அடிக்கும்முன்பே அவள் வகுப்பில் இருந்தாள்.